மலைப்பாதையின் காவல்

முகத்துவாரம் என்னும் பெயரிலேயே அவ்வூரின் இயல்பு அடங்கியிருக்கிறது. கொழும்பு மாநகரின் வட எல்லையில், களனி கங்கை கடலோடு கலக்கும் வாயில் அது. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் வைகறைப் பொழுதில், அங்கிருந்து வள்ளம் தள்ளிக் கடலுக்குச் செல்வோர் கிழக்கே திரும்பிப் பார்த்தால், சூரியன் எழுமுன் அடிவானத்தில் கூரிய முக்கோணம் ஒன்று கருநீலமாய் நிற்பதைக் காணலாம். அது சிவனொளிபாத மலை. நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில் உள்ள அம்மலைக்கும் இந்த ஆற்றுவாயிலுக்கும் உள்ள உறவு, பார்வையோடு முடிந்துவிடுவதன்று. மலையின் மடிப்புகளிலே பிறக்கும் மஸ்கெலி ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. 145 கிலோமீற்றர் ஓடி வந்து முகத்துவாரத்திலே கடலில் விழுவது அம்மலையின் மழைநீர்தான்.

தண்ணீர் இறங்கி வந்த அந்த மலைநாட்டுக்கு மனிதர் ஏறிச் செல்லத் தொடங்கி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பக்தியின் வரலாறாக அந்த யாத்திரை பலராலும் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குள்ளே மறைந்து கிடக்கும் வேறொரு வரலாறும் உண்டு. செங்குத்தான பாறையிலே, குளிரிலே, இருளிலே, மழையிலே, ஏறியவர்கள் உயிரோடு திரும்பி வருவதற்கு நம் முன்னோர் செய்த ஏற்பாடுகளின் வரலாறு அது.

மலையின் உயரம் 2243 மீற்றர், அடிக்கணக்கில் 7359. இமயத்தையும் ஆல்ப்ஸ் மலையையும் கேள்வியுற்றவர்க்கு இது சிறிதாகத் தோன்றும். ஆயினும் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஆறு பாகை அளவில் குறையும் என்பது இயற்கை விதி. கொழும்பிலே தை மாத இரவு 22 பாகையாக இருக்கும்போது, மலையுச்சியிலே அது எட்டு ஒன்பது பாகைக்கு இறங்கிவிடும். இரவெல்லாம் படியேறி உடல் வியர்த்து, அந்த ஈரத் துணியோடே உச்சியில் காற்றுக்கு முன்னே நின்று, சூரியோதயத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். பனி பெய்யாத நாட்டிலும் ஈரமும் காற்றும் கூடினால் குளிர் உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். உலர்ந்த மாற்றுடை ஒன்றைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் செல்லும் பழக்கம் வெறும் ஆடம்பரத்துக்காக வந்ததன்று.

சைவர்கள் இதனைச் சிவனொளிபாதம் என்பர். பௌத்தர்கள் ஸ்ரீ பாதம் என்றும் சமந்தகூடம் என்றும் போற்றுவர். இஸ்லாமியர் ஆதி பிதாவாகிய ஆதத்தின் அடிச்சுவடு என்பர். கிறித்தவருள்ளும் ஆதத்தோடும் தோமையரோடும் இதனைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. சீன யாத்திரிகர் பாகியன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் தங்கியபோது, மலையுச்சியிலுள்ள திருவடியைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். மணிமேகலைக் காப்பியமும் இரத்தினத் தீவத்துச் சமந்தத்தின் உச்சியிலுள்ள திருவடியைக் குறிப்பிடுகிறது. பாதம் யாருடையது என்பதிலே நான்கு சமயத்தாரும் வேறுபடலாம்; ஆனால் அங்கே செல்லும் பாதை அவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. பாறை எவருடைய காலையும் ஒரே மாதிரியாகத்தான் வழுக்கச் செய்யும்.

பாதையைப் பற்றிய தெளிவான சான்று முதலாம் விஜயபாகு மன்னன் காலத்தில் கிடைக்கிறது. கி.பி. 1055 முதல் 1110 வரை ஆண்ட அம்மன்னன், திருவடியை வணங்கச் செல்வோர் கடினமான வழியிலே இளைத்துப் போவதைக் கண்டு, அவர்களுக்கு உணவளிப்பதற்காகக் கிலிமலை என்னும் பெரிய கிராமத்தை வயல்களோடு மானியமாக அளித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. கெகெல்கமுவ வழியாகவும் ஊவா நாட்டு வழியாகவும் வருவோருக்கும் அவ்வாறே ஊர்களை ஒதுக்கினான். அம்பகமுவையிலுள்ள அவனுடைய கல்வெட்டும் இதற்குச் சான்று. உச்சிக்குக் கீழே தாழ்ந்த குலத்தார் நின்று வணங்கத் தனி மேடை அமைத்த செய்தியும் அதில் இருக்கிறது. பசித்தவனுக்குச் சோறிட்ட அந்தக் கருணையும் சாதிக் கணக்கைத் தாண்டவில்லை என்பதை மறைத்துச் சொல்வது வரலாறாகாது. எனினும், மலையேறுவோரின் முதற் பகை பசியும் களைப்புமே என்பதை அரசன் ஒருவன் உணர்ந்து, நிலத்தின் வருவாயையே அதற்கு மருந்தாக்கியமை பெரிய செயலாகும்.

வியப்பான ஒற்றுமை ஒன்றை இங்கே குறிப்பிடலாம். அதே நூற்றாண்டில், ஏறக்குறைய 1050ஆம் ஆண்டளவில், ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 2469 மீற்றர் உயரமான ஒரு கணவாயின் உச்சியிலே பெர்னார்ட் என்னும் துறவி வழிப்போக்கருக்காக ஒரு சத்திரத்தை நிறுவினார். பனிப்புயலில் அகப்பட்டோரைத் தேடி அழைத்து வந்து உணவும் நெருப்பும் கொடுப்பது அங்கிருந்த துறவிகளின் தொண்டாக விளங்கியது. பிற்காலத்திலே அவர்களுடைய நாய்கள் உலகப்புகழ் பெற்றன. விஜயபாகுவுக்குப் பெர்னார்டைத் தெரியாது. பெர்னார்டுக்கு இலங்கையைத் தெரிந்திருக்க நியாயமில்லை. மலை இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனாகிய தேவப்பதிராசன், சேறும் ஆறும் குறுக்கிட்ட இடங்களிலே பாலங்களை அமைத்தான். யானையும் குதிரையும் நடக்கத்தக்க உறுதியுடையன அவை என்கிறது சூளவம்சம். வழிநெடுக அம்பலங்களும் எழுந்தன. அந்த நூற்றாண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த மார்க்கோ போலோ, பாறையிலே தொங்கும் பெரிய இருப்புச் சங்கிலிகளைப் பிடித்தே மக்கள் உச்சிக்கு ஏறுகின்றனர் என்று எழுதினார். சங்கிலிகளை அமைத்தவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கதை புகுந்துவிடும் அல்லவா? மாவீரன் அலெக்சாந்தரே இலங்கைக்கு வந்து ஆணியும் வளையமும் அறைந்து சங்கிலி பூட்டினான் என்று பதினைந்தாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் அஷ்ரப் பாடிவிட்டார். அலெக்சாந்தர் பியாஸ் நதிக்கரையோடு திரும்பியவன். பெயர் அறியாத கொல்லர் சிலருடைய உழைப்பு ஒரு பேரரசனின் கணக்கிலே சேர்ந்துவிட்டது.

மலைவழியை நடந்து பார்த்து விரிவாக எழுதியவர் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா. 1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல் புத்தளத்தை அடைந்தது. அங்கே அவரை வரவேற்றவன் தமிழ் மன்னனாகிய ஆரியச்சக்கரவர்த்தி. கடலிலே வலிமை படைத்தவன். பாரசீக மொழி புரிந்தவன். முத்துக்களைக் காட்டி விருந்தினரை மகிழ்வித்தவன். வேண்டுவது யாது என்று மன்னன் கேட்டபோது, ஆதத்தின் திருவடியைக் காண்பதையன்றி வேறு விருப்பம் இல்லை என்றார் யாத்திரிகர்.

மன்னன் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. பல்லக்கு ஒன்றைக் கொடுத்தான். அதைச் சுமப்போரைக் கொடுத்தான். ஆண்டுதோறும் திருவடிக்குச் சென்று பழகிய யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தைச் சேர்ந்த பதின்மரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான். இஸ்லாமிய யாத்திரிகருக்கு வழிகாட்ட இந்து யோகிகள் முன்னே நடந்தனர். வழியறிந்த துணை இன்றி அயலான் ஒருவனை மலைக்கு விடலாகாது என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான்.

காட்டுவழியில் பத்தூத்தா கண்ட முதல் ஆபத்து அட்டை. மரங்களிலும் நீரருகே புல்லிலும் இருந்து மனிதர்மேல் பாயும் அட்டைகளை அவர் வருணிக்கிறார். வழிச்செல்வோர் தேசிக்காயை ஆயத்தமாக வைத்திருந்து, அட்டை பற்றிய இடத்தில் சாற்றைப் பிழிவர். அது விழுந்ததும் மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டுவர். அதைப் பொருட்படுத்தாது நடந்த ஒருவன் இரத்தம் இழந்தே இறந்தான் என்றும், பாபா கூசி என்னும் அவன் பெயரால் ஒரு குகை வழங்குகிறது என்றும் அவர் கேட்ட கதையைச் சொல்கிறார். அட்டை கடித்து ஒருவன் சாவானா என்று மருத்துவர் ஐயுறலாம். ஆனால், சிறிய ஆபத்தை அலட்சியம் செய்தவனுடைய பெயரை வழியிலே ஒரு குகைக்கு இட்டு, பின்வருவோர் கேட்டறியச் செய்த உத்தி மிகச் சிறந்தது.

மலைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாபா வழி. மற்றொன்று மாமா வழி. ஆதத்தின் பெயரும் ஏவாளின் பெயரும் அவற்றுக்கு இடப்பட்டிருந்தன. மாமா வழி எளிது. பாபா வழி செங்குத்தானது, கடினமானது. எளிய வழியால் ஏறியவன் யாத்திரை செய்தவனாகவே கருதப்படமாட்டான். எளிய வழி இறங்குவதற்கு உரியது. இதனைத் தவத்தின் விதியாக மட்டும் எண்ணிவிடலாகாது. மலையிலே விபத்து ஏறும்போது நேர்வதினும் இறங்கும்போது நேர்வது எளிது. தொடையும் முழங்காலும் தளர்ந்திருக்கும். வந்த காரியம் முடிந்தது என்ற எண்ணத்தால் விழிப்பும் தளர்ந்திருக்கும். புத்துடலோடு கடினமான வழியில் ஏறி, களைத்த உடலோடு மென்மையான வழியில் இறங்குவதே அறிவு.

பாபா வழியின் பாறையிலே முன்னோர் படிகளைப் போல வெட்டி, இருப்பு முளைகளை அறைந்து, அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். பத்துச் சங்கிலிகள் இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார் அவர். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதை அடைந்தவன் கீழே திரும்பிப் பார்த்தால் தலை சுழலும். விழுந்துவிடுவோம் என்று அஞ்சிக் கலிமாவை ஓதிக்கொள்வான். ஆதலால் அப்பெயர் வந்தது. அதற்கும் அப்பால் கிதுறு நபியின் பெயரால் வழங்கும் குகையும், மீன்கள் நிறைந்த சுனையும் உள்ளன. யாத்திரிகர் தம் சுமைகளை அங்கே வைத்துவிட்டு, வெறுங்கையராய் மேலும் இரண்டு மைல் ஏறிச் சென்றனர். மூன்று நாள் குகையிலே தங்கிக் காலையும் மாலையும் திருவடிக்குப் போய் வருவது வழக்கம். பத்தூத்தாவும் அவ்வாறே செய்தார். உச்சியிலே நின்றபோது மேகங்கள் தமக்குக் கீழே பரந்து மலையடியை மறைத்திருக்கக் கண்டார். திரும்பும் வழியில் தேவேந்திரமுனை, காலி வழியாகக் கொழும்புக்கும் வந்தார். செரெந்தீபின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்று என்று அவர் எழுதியது நம் கொழும்பைத்தான்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராசசிங்கன் இம்மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் வழிவந்தவனாயினும் பௌத்தத்தைப் புரந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனை மீண்டும் பௌத்த சங்கத்தாருக்கு அளித்தான். உரிமை கைமாறியபோதும், பாதையின் வழக்கங்கள் பெரும்பாலும் கைமாறாமலே நின்றன.

அவ்வழக்கங்களை ஊன்றி நோக்கினால் அவற்றின் நுட்பம் விளங்கும். யாத்திரைக்குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் உண்டு. சிங்கள மக்கள் அவரை நடே குரா என்பர். ஐயப்ப பக்தர்களுக்குக் குருசாமி எப்படியோ அப்படி. பலமுறை மலையேறியவரே அப்பொறுப்புக்கு உரியவர். எங்கே இளைப்பாறுவது, எங்கே நீர் அருந்துவது, யார் பின்தங்கினர் என்பவற்றையெல்லாம் அவர் பார்ப்பார். முதன்முறை ஏறுவோருக்குத் தனிப் பெயரும் தனிக் கடமைகளும் உண்டு. புதியவன் யார் என்பது குழுவிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சீத கங்குல என்னும் குளிர்ந்த ஓடையில் நீராடித் தூய்மை பெறுவர். அங்கே எல்லோரும் ஒருசேர நின்றுதான் ஆகவேண்டும். இந்திகட்டுபானவிலே ஊசியையும் நூலையும் இட்டுச் செல்வர். அதுவும் ஒரு தரிப்பிடம். இரத்தினபுரி வழியும் குருவிட்டை வழியும் கூடுகின்ற ஏரமிட்டிபான என்னும் இடத்தின் பெயரிலேயே ஊன்றுகோல் இருக்கிறது. களைத்தேன் என்று சொல்லலாகாது என்பது ஒரு கட்டுப்பாடு. ஏறுவோரும் இறங்குவோரும் ஒருவரையொருவர் அருள் வேண்டி வாழ்த்திக்கொள்வது மற்றொன்று. ஒடுங்கிய படியிலே இருவர் எதிர்ப்படும்போது, வாழ்த்துச் சொல்வதற்காக ஒருவர் நிற்பார், நின்றவர் வழிவிடுவார். நெரிசலைத் தடுக்க இதனினும் இனிய சட்டம் எதுவும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய காவல் நாட்காட்டியாகும். மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடிவது யாத்திரைக் காலம். மலையின் மேற்குச் சரிவு தென்மேல் பருவக்காற்றை நேருக்கு நேர் ஏற்பது. வைகாசிக்குப் பின் அங்கே பெய்யும் மழை இலங்கையிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. யாத்திரைக் காலம் அந்த மழையை விலக்கி அமைந்திருக்கிறது. இரவில் ஏறி, விடியலில் வணங்கி, வெயில் ஏறுமுன் இறங்குவதும் அத்தகையதே. முற்பகலில் தெளிந்திருக்கும் உச்சி பிற்பகலில் முகிலால் மூடப்படும்; பங்குனி சித்திரையில் இடிமின்னலும் அந்நேரத்திலேயே வரும். ஆல்ப்ஸ் மலையேறிகளும் நள்ளிரவு கடந்ததும் விளக்கோடு புறப்படுவர். வெயிலில் பனி இளகிச் சரிவதற்குமுன் திரும்பிவிடவேண்டும் என்பது அவர்கள் விதி. காரணம் வேறு, கடிகாரம் ஒன்றே.

அந்நாட்டார் தம் விதிகளை உயிர்களைக் கொடுத்தே கற்றனர். 1820இல் மோன் பிளாங்க் மலையில் ஹாமெல் என்னும் அறிஞருடைய குழு ஏறியபோது, வானிலை சரியில்லை என்று வழிகாட்டிகள் தயங்கினர். ஏற வந்தவர்களோ வற்புறுத்தினர். பனிச்சரிவில் வழிகாட்டிகள் மூவர் மாண்டனர். அடுத்த ஆண்டே சாமொனி என்னும் ஊரில் வழிகாட்டிகளின் சங்கம் ஒழுங்குமுறைகளோடு அமைக்கப்பட்டது. 1897இல் பௌல்க்கே என்பவரும் அவர் தோழர்களும் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு பேர்ன் நாட்டுப் பனிமலைகளைக் கடந்து காட்டியபின், கட்டையோடு தம் கால்வலியால் மலையேறிச் சறுக்கி இறங்கும் பயணம் பரவியது. அதோடு பனிச்சரிவுக்குப் பலியாவோரும் பெருகினர். டாவோஸ் நகருக்கு மேலேயுள்ள சிகரமொன்றில் 1936இல் பனியை ஆராயும் கூடம் எழுந்தது. இன்று அத்தகைய பயணத்துக்குப் புறப்படுவோர் அன்றைய பனிநிலை அறிக்கையைப் படியாமல் படியிறங்குவதில்லை, தனியே போவதில்லை, குறித்த நேரத்தில் உச்சியை எட்டாவிடினும் திரும்பிவிடுவர். கருவிகள் புதியன. நடே குராவுக்கு இவ்விதிகளுள் எதுவும் புதிதாகத் தோன்றாது.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் இம்மலையேறத் தொடங்கினர். 1817இல் ஏறிய மருத்துவர் ஜோன் டேவி உச்சியை அளந்தார். நீளம் 74 அடி, அகலம் 24 அடி, சுற்றிலும் ஐந்தடிச் சுவர். இந்தச் சிறு களத்திலேதான் சூரியோதயத்துக்காக ஆயிரம் பேர் நெருங்கி நிற்க முயல்கின்றனர் என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். பின்னர் கோப்பியும் தேயிலையும் வந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகளை வெட்டித் தோட்டமாக்கினர். அவர்கள் கைகளே பாதைகளையும் போட்டன. 1884இல் புகையிரதம் அட்டனை எட்டியது. அதுவரை இரத்தினபுரி வழியே சென்ற கூட்டம் மெல்ல மெல்ல வடபுறம் திரும்பியது. இன்று பெரும்பாலோர் ஏறத் தொடங்கும் இடத்தின் பெயர் நல்லதண்ணீர். தமிழ்த் தொழிலாளரின் நாவிலே வழங்கும் அந்தப் பெயரையே எல்லோரும் சொல்கின்றனர். அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், செங்குத்தான இடங்களிலே கைப்பிடிக் கம்பிகள், யாத்திரைக் காலத்தில் மின்விளக்குகள், வழியெங்கும் தேநீர்க்கடைகள்.

இந்த வசதிகள் உயிர் காத்தவை என்பதில் ஐயமில்லை. கிழவியும் குழந்தையும் இன்று ஏறுவது அவற்றாலேயே. ஆனால், வசதி ஓர் ஏமாற்றமும் செய்கிறது. பாறையும் சங்கிலியும் இருந்த காலத்தில் மலை தன் கடுமையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. படியோ அதனை மறைத்துவிடுகிறது. தலைவர் இன்றி, மாற்றுடை இன்றி, நகரத்துச் செருப்போடு, விடுமுறை கிடைத்த நாளில் புறப்படும் இளைஞர் பலர் மழைமாதங்களிலும் வருகின்றனர். அப்போது விளக்கு எரியாது, கடைகள் மூடியிருக்கும், பாசி படர்ந்த படியிலே ஓடைநீர் குறுக்கே பாயும், வழுக்கி விழுந்தவன் கூப்பிட்டால் கேட்பதற்கு ஆள் இராது. முன்னோர் தொகுத்த காவல்களுள் படி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வைகாசிப் பூரணை கடந்ததும் சமன் தேவரின் திருவுருவம் ஊர்வலமாக மலையிலிருந்து இறக்கப்பட்டுப் பெல்மதுளை விகாரைக்குத் திரும்புகிறது. கடைக்காரர் தகரங்களைக் கழற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவர். சில நாட்களில் தென்மேல் காற்று எழும். முகில் உச்சியை மூடும். முகத்துவாரத்திலிருந்து கிழக்கே நோக்கினால் ஒன்றும் தெரியாது. ஆயினும் மலைச்சரிவின் செம்மண்ணைச் சுமந்துவரும் களனி கங்கை, ஆற்றுவாயிலுக்கு அப்பாலும் நெடுந்தூரம் கடலைச் செந்நிறமாக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும் முகத்துவாரத்துக் கிழவர்கள், மலையிலே மழை பிடித்துவிட்டது என்பர்.